பேச்சியம்மாளின் ராசா காசு

“இன்னுங் கொஞ்சம் திறங்க” என்றேன்.

பேச்சியம்மாள் திறந்தார். விளக்கை இழுத்து அவர் வாய்க்கு நேராக நிறுத்தப் போனேன். அந்த விளக்கின் கழுத்து தளர்ந்து போயிருந்தது; நிறுத்திய இடத்தில் நிற்காது. மெல்லச் சரிந்து, வெளிச்சம் முகவாயைத் தாண்டித் தொண்டைக்குழியில் போய் விழுந்தது. அங்கே ஒரு செப்புக்காசு கிடந்தது.

கறுப்புக் கயிற்றில் கோத்த காசு. ஓரத்தில் துளை. நாற்காலியில் மல்லாந்து படுத்ததில் சேலைக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்திருந்தது. நடுப்பகுதி தோலில் உரசி உரசிப் புது வெல்லம் போல மின்னியது. விளிம்பில் மட்டும் பச்சைக் களிம்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன்மேல் ஏதோ மேடு தெரிந்தது. சாய்ந்த கோடு ஒன்று, அதன்மேல் ஒரு வட்டம்.

நான் குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.

“டாக்டர், பல்லு மேல இருக்கு” என்றார் என் உதவியாளர் செல்வி.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்ன பிறகுதான் கேட்டேன். “இது என்ன காசும்மா? கொஞ்சம் கழற்றிக் குடுங்களேன், பார்த்துட்டுத் தந்துடறேன்.”

பேச்சியம்மாள் உள்ளங்கையால் காசை மூடிக்கொண்டார். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டி, பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

“ராசா காசு. கழத்தப்படாது.”

கரிசலில் முளைத்த பைத்தியம்

பல் வைத்தியம் பார்ப்பவளுக்குக் காசு சேர்க்கும் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாசகர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்காக ஒரு சிறு விலகல்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, படி இறங்கினால் தமிழ். அருப்புக்கோட்டையில் நான் கிளினிக் போட்ட புதிதில், திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் சொத்தைப் பல்லை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் திரும்பி வந்து, ஒரு மண்ணாங்கட்டியை மேசைமேல் வைத்தார். “மழைக்குப் பெறவு காட்டுல கெடந்துச்சு. நீங்கதான் சின்னச் சின்னதாச் சுரண்டுறீகளே, இதையும் சுரண்டிப் பாருங்க.”

காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பல்லில் காரை எடுக்கும் ஊசியால் மண்ணைத் தள்ளினேன். ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம். இன்னொரு பக்கம் எழுத்து. வளைந்து நெளிந்திருந்தாலும் தமிழ்தான். ‘சுந்தர’ வரை தெளிவாக வந்தது. பிறகு ‘பாண்டிய’ வந்தது. அன்று மாலை காத்திருந்த மூன்று நோயாளிகளிடமும் அதைக் காட்டினேன். மூவருமே வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து இப்படித்தான். “பல்லும் காசும் உனக்கு ஒண்ணுதான். ரெண்டுலயும் அழுக்கு இருந்தாத்தான் முகம் மலருது” என்பார் என் கணவர்.

பார்க்கச் சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. பானையோடு மண்ணுக்குள் கிடைத்தது என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவேன். அனுமார் படம் போட்ட கம்பெனிக் காசைக் கொண்டுவந்து, செல்போனில் இது கோடிக்குப் போகிறதாமே என்பவர்களும் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனி அனுமாரை அச்சடிக்கவே இல்லை, இது யாரோ பிற்காலத்தில் விளையாட்டாகச் செய்தது என்று சொல்வேன். வந்தபோது இல்லாத பல்வலி போகும்போது அவர்களுக்கு வந்துவிடும்.

ஆனால் காட்டவே மாட்டேன் என்று சொன்னவர் பேச்சியம்மாள் ஒருவர்தான். அதனாலேயே அந்தக் காசு என்னைத் தூங்கவிடவில்லை.

காளை முகம்

பேச்சியம்மாளுக்குப் பரளச்சிப் பக்கம். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கொஞ்சம் மானாவாரிக் காடு, ஒரு பட்டி ஆடு. மேல்வரிசைப் பல் பெரும்பாலும் ஆடிப்போயிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, புண் ஆறியதும் பல்செட் கட்டுவது என்று முடிவாயிற்று. ஆக, பலமுறை வந்தார். வரும்போதெல்லாம் நான் காசைப் பார்ப்பேன். அவர் நான் பார்ப்பதைப் பார்ப்பார்.

நாலாவது பல்லுக்கு அவராகவே வாயைத் திறந்தார். பேசத்தான்.

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல, ராமநாதபுரம் ராசா இந்த வழியா வந்தாகளாம். கம்மாச் சகதியில அவுக வண்டிக் காளை மாட்டிக்கிருச்சு. ஒருத்தனாலயும் முடியல. எங்க பாட்டன் தனியாளா எறங்கித் தோளக் குடுத்துத் தூக்கி விட்டாரு. ராசா சந்தோசப்பட்டு, காளை மொகம் போட்ட காசு ஒண்ணு அடிக்கச் சொல்லிக் குடுத்தாக. அதேன் இது.”

“காளை முகமா?”

“பாத்துக்கிருங்க.” இரண்டு விரலால் காசைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கயிறு கழுத்திலேயேதான் இருந்தது. “இந்தா ரெண்டு கொம்பு. இந்தா ரெண்டு கண்ணு. பின்பக்கம் குதிரையில அய்யனாரு.”

கொம்பு தெரிந்தது. ஒரு கண் முழு வட்டம். இன்னொன்று பாதி மூடியது போல இருந்தது. அதற்குள் மூடிவிட்டார்.

“உங்களுக்குப் பிறகு யாருக்கு வரும் இது?” என்று சும்மாதான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

மாசி சிவராத்திரியை ஒட்டி அவர்கள் குலசாமிக்குப் பொங்கல் வைப்பார்கள். அப்போது இந்தக் காசைத் தட்டில் வைத்து சாமி முன்னால் எடுப்பவர்களுக்குத்தான் முதல் மரியாதை. அம்மா சாகும்போது அதை மகள் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். தம்பி முனியசாமிக்குப் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டில் லாரிக்கு டயர் பஞ்சர் பார்க்கும் கடை. ஆண் வாரிசு நான் இருக்க, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எப்படிப் போகும் என்று அவர் கேட்டிருக்கிறார். சொல் தடித்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒரே சாமிக்கு, ஒரே நாளில், அக்கா கிழக்கே பார்த்தும் தம்பி வடக்கே பார்த்தும் தனித்தனியாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தன வருசமாச்சு?”

“கணக்கு வைக்கல” என்றார் பேச்சியம்மாள். “அவெம் மக சடங்குக்குக்கூட என்னயக் கூப்புடல டாக்டரம்மா. அத்த நான் உசுரோட இருக்கேன்.”

கழுத்தோடு ஓர் அச்சு

ஈறு ஆறி, பல்செட்டுக்கு அளவு எடுக்கும் நாள் வந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாவு உண்டு. தண்ணீர் ஊற்றிக் குழைத்து வாயில் அப்பினால் சில நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். அந்த அச்சில் பாரிஸ் சாந்தை ஊற்றினால், வாய் அப்படியே கைக்கு வந்துவிடும்.

பேச்சியம்மாள் அந்தச் சாந்து வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் வாயி மாதிரியேல இருக்கு. மடிப்பு மடிப்பாத் தெரியுது.”

எனக்குள் அப்போதுதான் பொறி தட்டியது. “காசையும் இப்படி அச்சு எடுக்கலாமே. கழற்ற வேண்டாம். கழுத்துலயே இருக்கட்டும்.”

காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “சாமிக்கு ஆகாதது ஒண்ணும் இதுல கலக்கலையே?”

“கடல்பாசியில செய்யறது. புதினா வாசம் வேற.”

சிரித்துவிட்டார். காசுக்குக் கீழே பஞ்சுத் துணியை விரித்து, செல்வி மாவைக் குழைத்துத் தர, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று அச்சு எடுத்தேன். பேச்சியம்மாள் அசையாமல் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அவர் போனதும் சாந்து ஊற்றிக் காயவைத்தேன். பென்சில் தூளை விரலில் தொட்டு மேட்டின்மேல் லேசாகத் தேய்த்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலைப் பக்கவாட்டில் வாங்கினேன்.

கொம்பு இரண்டும் கீழே ஒன்றாகக் கூடின. அது ஆங்கில ‘வி’. முழித்த கண், ‘ஓ’. பாதி மூடிய கண், ‘சி’. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. கீழே தேய்ந்துபோன ஆண்டில் பதினேழு என்ற தொடக்கம் மட்டும் மிச்சம். மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். அதற்குள் பின்னங்காலில் நிற்கிற சிங்கம். அய்யனார் இல்லை.

ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு; மூன்றும் அந்தக் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள். முத்துக்கும் துணிக்கும் தூத்துக்குடியில் வந்து இறங்கியவர்கள். அந்தக் கடற்கரையில் இந்தச் செப்புக்காசு சந்தைச் சில்லறையாகப் புழங்கியிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் உப்போடும் கருவாட்டோடும் உள்நாட்டுக்கு வந்திருக்கும்.

மூன்று எழுத்தையும் படித்த கணத்தில் நான் துள்ளினேன் என்பது உண்மை. அடுத்த கணமே உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் தம்பியும் எதற்காகப் பேசாமல் இருக்கிறார்களோ, அந்த ராசாவே இதில் இல்லை. சொல்வதா, வேண்டாமா?

“சொல்லிடு” என்றார் கணவர். “இல்லாத ராசாவுக்காக எதுக்குச் சண்டை?” அவருக்கு எல்லாமே சுலபம்.

வாயில் மாவு

அடுத்த முறை பேச்சியம்மாள் வந்தபோது இன்னும் துல்லியமாக ஓர் அளவு எடுக்க வேண்டியிருந்தது. தட்டில் மாவை நிரப்பி மேல்வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இறுகும்வரை கையை எடுக்கக்கூடாது. அவர் பேசவும் கூடாது.

அப்போது வெளிக்கதவு படீரென்று திறந்தது. கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒல்லியாக ஒருவர் உள்ளே வந்தார். செல்வி தடுத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

“ராசா காச பல்லு டாக்டருக்கு வித்துட்டியாமே? சந்தையில சிரிக்கிறாய்ங்க!”

பேச்சியம்மாள் கண்கள் விரிந்தன. “ம்ம்! ம்ம்ம்!” என்றார். என் கையோடு சேர்த்துத் தலையை ஆட்டப் பார்த்தார், நான் விடவில்லை. அது முனியசாமி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் ஒரே மூக்கு.

“ஒன்னயக் கேட்டா வாயத் தொறக்க மாட்ட. எப்பயும் இப்புடித்தேன். ஆத்தா சாகையில நான் லோடு வண்டிக்கு டயரு மாத்திக்கிட்டு ரோட்டுல கெடந்தேன். நான் வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. காச ஒங் கழுத்துல பாத்தேன். எனக்குன்னு ஆத்தா என்ன சொல்லுச்சுன்னு நீ ஒரு வார்த்த சொன்னியா? அதக் கேக்கத்தேன் அன்னைக்கு வந்தேன். காசுக்கு வந்தேன்னு நெனச்சுக்கிட்ட!”

பேச்சியம்மாள் அசைவது நின்றது.

“சடங்குக்குக் கூப்புடலைன்னு ஊரெல்லாம் சொல்லுறியாம். வாசல் வரைக்கும் வந்தேன். ஒன் வீட்டு நாய் கொலச்சுச்சு, நீ எட்டிப் பாக்கல. திரும்பிட்டேன். இப்பப் புள்ளைக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. அத்த எங்கன்னு சம்பந்திக கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?” மூச்சு வாங்கினார். குரல் இறங்கியது. “எதாச்சும் பேசுக்கா.”

“பேச முடியாது” என்றேன் நான். “வாயில மாவு இருக்கு. இறுகணும்.”

அவர் முதல்முறையாக என் கையைப் பார்த்தார். அக்காவின் வாயைப் பார்த்தார். உதட்டோரம் பிதுங்கி நின்ற சிவப்பு மாவைப் பார்த்தார்.

“அப்ப நான் சொன்னது எல்லாம்...”

“காது நல்லாத்தான் கேக்குது.”

பேச்சியம்மாள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. செல்வி துடைத்துவிட்டார். மாவு இறுகியதும் தட்டை அசைத்து எடுத்தேன். ‘ப்ளக்’ என்று சத்தம் வந்தது. பேச்சியம்மாள் எழுந்து, கொப்பளித்து, துப்பி, முந்தானையால் வாயைத் துடைத்தார். என்ன வரப்போகிறதோ என்று நானும் செல்வியும் சுவரோரம் நின்றோம்.

“ஏலே, ஏன் இப்புடி எளச்சுப் போன?” என்றார்.

முனியசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது.

“முனியனுக்கு ஒரு கொற வைக்காதன்னுதேன் ஆத்தா சொல்லுச்சு” என்றார் அக்கா. “நாந்தேன் வச்சுட்டேன்.”

இருவரும் ஒரு கட்சி

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது. சாந்துக் காசை எடுத்துவந்து, இருவருக்கும் நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒல்லாந்து, கப்பல், கம்பெனி, மூன்று எழுத்து, சிங்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை.

முனியசாமி பொறுமையாகக் கேட்டார். “ஒல்லாந்துங்கிறது எங்கிட்டு இருக்கு?”

“கடலுக்கு அந்தப் பக்கம். ரொம்பத் தூரம்.”

“அம்புட்டுத் தூரத்துல இருக்குறவனுக்கு எங்க காளை மொகம் எப்புடித் தெரியும்?”

“அது காளை இல்லைங்க, எழுத்து.”

“கொம்பு தெரியுது, கண்ணு தெரியுது. எழுத்துங்கிறீக” என்றார் பேச்சியம்மாள்.

“ஒரு கண்ணு பாதிதான் தெரியுது பாருங்க, ஏன்னா அது ‘சி’...”

“சகதியில கெடந்த மாடு கண்ண முழுசாவா தொறக்கும்?” என்றார் முனியசாமி. அக்கா அவரைப் பெருமையாகப் பார்த்தார்.

நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்தார்கள். இத்தனை வருடம் பேசாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் பேச்சியம்மாள் என் தோளைத் தட்டினார்.

“நீங்க நல்லாப் படிச்சவுகதேன் டாக்டரம்மா. ஆனா ஒங்க படிப்பு பல்லோட இருக்கட்டும்.”

“வாக்கா, எங்கயாச்சும் சாப்புட்டுப் போவம். புரோட்டா...” என்ற தம்பி, அக்காவின் வாயைப் பார்த்து நிறுத்தினார். “இட்லி திம்போம்.”

படி இறங்கிப் போகும்போதும் என்னைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பேரும் சிரிக்கிறாக டாக்டர்.” தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சாமி முன்னால்

மாசியில் அழைப்பு வந்தது. தட்ட முடியவில்லை. காலை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். கொத்தமல்லி அறுத்த காட்டின் வாசம் வழியெல்லாம் கூடவே வந்தது. வேப்பமரத்தடியில் சாமி. இந்த முறை ஒரே அடுப்பு, ஒரே பானை. பொங்கல் பொங்கியபோது அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் பூசிய காசு. முதன்முறையாகக் கயிறில்லாமல் அதைப் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் பேச்சியம்மாள் காசைத் தம்பி கையில் கொடுத்தார். அவர் வாங்கி, கண்ணில் ஒற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கயிற்றில் கோத்து அக்கா கழுத்திலேயே கட்டிவிட்டார். “எங் கையில கெடந்தா கிரீசுல தொலஞ்சுரும். வருசத்துக்கு ஒருக்காக் குடு. போதும்.”

இலை போடும்போதுதான் அது நடந்தது. முனியசாமி என் பக்கம் கையை நீட்டி, பந்தி முழுவதுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

“இவுகதேன் நம்ம காச ஆராய்ச்சி பண்ணுன டாக்டரு. நாம நெனச்ச மாதிரி அது ராமநாதபுரம் ராசா காசு இல்லையாம். கடலுக்கு அந்தப் பக்கத்து ராசா! ஒல்லாந்து ராசா! அம்புட்டுத் தூரத்துல இருந்து கப்பல்ல வந்து, நம்ம பாட்டனுக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு!”

பந்தியே என்னைப் பார்த்தது. ராசா இல்லை, வியாபாரக் கம்பெனி என்று திருத்தலாமா என யோசித்தேன். பேச்சியம்மாள் புதுப் பல் வரிசை தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பாயசத்தைக் குடித்தேன்.

கை கழுவித் திரும்புவதற்குள் வரிசை நின்றுவிட்டது. சுருக்குப் பையிலிருந்தும், சாமி உண்டியலிலிருந்தும், சட்டைப் பையிலிருந்தும் காசுகள் வந்தன. எல்லோருக்கும் ஒரு தூரத்து ராசா வேண்டியிருந்தது. ஓட்டைக் காலணா, நாயக்கர் காலத்து மொத்தைக் காசு, அனுமார் காசு இரண்டு. ஒவ்வொருவருக்கும் உள்ளதைச் சொன்னேன். முகங்கள் வாடின.

கடைசியாக ஒரு பெரியவர் வந்தார். வேட்டி முடிச்சை அவிழ்த்து, கூச்சத்தோடு ஒரு செப்புக்காசை நீட்டினார். “இது சும்மா சட்டிக்குள்ள கெடந்தது. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் பாத்துச் சொல்லுங்க.”

கையில் வாங்கித் திருப்பினேன். தாடி, கிரீடம், ஐந்தாம் ஜார்ஜ். பழைய வீடு எதைத் தட்டினாலும் உதிர்கிற காலணா. என் அலமாரியில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. தலையைச் சுற்றி ‘கிங் எம்பரர்’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

“தாத்தா,” என்றேன், “இங்க வந்ததுலயே நெசமான ராசா காசு இது ஒண்ணுதான்.”

பெரியவர் வாயைப் பிளந்தார். வரிசை அப்படியே கலைந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. முனியசாமி அவசரமாக என் அருகே வந்து, குனிந்து காதோடு சொன்னார்.

“டாக்டரம்மா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அடுத்த வருசம் மொத மரியாத கேட்டு நிப்பாரு. அவரு எங்களுக்குப் பங்காளி.”